வாசக்காரசாமி வாசல்ல டிக்கெட்டு

என் செல்லமகன் ரஞ்சித்துக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் மூட்டுவலியோட நல்லாத்தான் இருக்கோம், அங்க நீயும் மருமகப்பொண்ணு கலைப்பிரியாவும் பேரப்புள்ளையும் எந்தக் கொறையும் இல்லாம இருக்கணும். போன்ல சொன்னா பாதியிலயே சரிம்மா சரிம்மான்னு வெச்சிடற, அதான் லீவு முடிஞ்சி சார்ஜாவுக்குத் திரும்பற நம்ம தெரு புகழேந்தி கையில எழுதிக் குடுத்தனுப்பறேன், கடைசி வரைக்கும் படி.

தை மாசம் வரோம், வாசக்காரசாமிகிட்ட புள்ளைக்கு மொட்டை போட முடியுமா, முடியாதுன்னா இங்கயே சலூன்ல எடுத்துடலாம்னு கலைப்பிரியா சொல்றான்னு கேட்டிருந்த. சலூன்ல எடுக்க அது என்ன தாடியா? நம்ம வம்சத்துல மொதல் முடி வாசக்காரனுக்குத்தான். அதைக் கேட்டுக்கினு வரலாம்னு ஞாயித்துக்கெழம குகைப்பாறைக்குப் போய் வயிறு எரிஞ்சிதான் திரும்பினேன். பழங்காலத்துக் குகைன்னு கவர்மெண்டுக்காரங்க பாறையச் சுத்திக் கம்பிவேலி போட்டுட்டாங்க, நொழையற எடத்துல டிக்கெட்டு. நான் மருமகளா வந்து மொதமொதல்ல வெளக்கேத்தின எடத்துக்கு எனக்கே டிக்கெட்டு. குகை வாசல்ல தடிய ஊனிக்கினு நிக்கிற நம்ம சாமிய, எண்ணெ மஞ்ச எல்லாம் சொரண்டிக் கழுவி மூளியா நிக்க வெச்சிருக்காங்க. பக்கத்துல ஒரு போர்டு. எழுத்துக் கூட்டிப் பார்த்தா வாயிற்காவலர்னு இருக்கு. அப்படின்னா இன்னாப்பான்னு அங்க காவல் நிக்கிற திண்டிவனத்து ஆளு விருத்தாசலத்தக் கேட்டா, என்னாட்டம் வாச்மேன்தான் ஆயான்னு சிரிக்கறான்.

வேலிக்கு வெளிய வாராவாரம் கைவினைச் சந்தையாம். எங்கயோ மிஷின்ல அச்சடிச்ச பைய நம்ம ஊரு கைவேலைன்னு தொங்க விட்டிருக்கான். கேப்பைக் கூழ கண்ணாடி கிளாஸ்ல ஊத்தி, உறிஞ்சறதுக்குக் குழாய் வேற. கூழக் குழாயில உறிஞ்சற ஜனத்தையும் இந்தக் கண்ணு பார்த்துடுச்சி. வந்தவனுங்க எல்லாம் செல்பிக் குச்சிய ஊனிக்கினு நம்ம சாமியாட்டமே நின்னு படம் புடிக்கறானுங்க. கூடாரத்துல மண்ணடுப்பு மூட்டிப் பொங்கல் வெச்சிக் காட்டறது யாருன்னு நெனைக்கற, உன் பெரியப்பா பொண்டாட்டி சின்னபொண்ணுதான். பட்டுப்பொடவ, தலை கொள்ளாத கனகாம்பரம். உன் மொட்டையன்னிக்கு சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னாடி வெல்லம் பத்துதான்னு பொங்கல நக்கிப் பார்த்தவ. அன்னிக்கு ராத்திரியே உனக்கு ஜுரம் கண்டுது, அன்னியிலேர்ந்து நான் அவகிட்ட பேசறதில்ல. அவ கத்துத் தராளாம் ஊருக்கு.

சந்தைய நடத்தறவன் அலெக்ஸ்னு பாண்டிச்சேரிக்காரன், தலையில முண்டாசு கட்டிக்கினு விவசாயி வேஷம். அவங்கிட்ட மொட்டையப் பத்திக் கேட்டேன். வேலிக்குள்ள நெருப்பும் கூடாது கத்தியும் கூடாது, கூடாரத்துல மட்டுந்தான் அடுப்புக்கு பர்மிஷன், அங்கயே ஒரு ஞாயித்துக்கெழம வெச்சிக்கலாம் பாட்டிமா, மைக்ல சொல்லிடறேன், ஜனங்க ஆசையா நின்னு பார்ப்பாங்கன்னான். என் பேரன் தலை அவனுக்கு வேடிக்கை. நல்லா நாலு கேக்கலாம்னு முந்தானைய இழுத்துச் சொருகினேன். அதுக்குள்ள அடுப்பண்ட குந்தியிருந்த சின்னபொண்ணு கரண்டியோட எழுந்துக்கினு, "அது எங்க வூட்டுப் புள்ள. எவனாவது போனத் தூக்கினான்னா இதாலயே போடுவேன்"னா. சுத்தி நின்னதுங்க அதையும் படம் புடிச்சிதுங்க.

செவ்வாக்கெழமையில சந்தை இல்ல, கூடாரத்துச் சாவி அவகிட்டதான் இருக்கு, அதோட வாசலும் சாமி மூஞ்சிக்கு நேராத்தான். மொட்டைய வேலிக்கு வெளிய அங்கயே வெச்சிக்கலாம், மூத்தவளா நின்னு தானே அடுப்பு மூட்டறேன்னு உங்கப்பாகிட்ட சொல்லி அனுப்பினா. சரின்னு நானும் உங்கப்பாகிட்டயே சொல்லி அனுப்பினேன்.

அதனால தை ரெண்டாஞ் செவ்வாக்கு முன்னாடி வந்து சேரு. அது வரைக்கும் புள்ள தலையில கத்தரி படக்கூடாது, மருமகப்பொண்ணுகிட்ட கோவப்படாம சொல்லு. ஏசியில புள்ளைய வெறும் உடம்போட படுக்க வெக்காதீங்க. வாசக்காரன் உங்க மூணு பேரையும் முன்ன நின்னு காக்கட்டும். மொட்டை எடுத்ததும் புள்ளைய மொதல்ல சின்னபொண்ணு கையில குடு, வாய் நெறைய பெரியம்மான்னு கூப்பிடு. மறந்துடாத, நீதான் கூப்பிடணும், நான் பேச மாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
துரைக்கண்ணு சம்சாரம் மங்காவரம்