குதிரையின் இடது காது

ஹேல்கோம்
15 ஜூலை 1979

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

முழங்கால் நீங்கலாக நான் சுகம். நியூசிலாந்துக் குளிரில் நீயும் ராபினும் குழந்தையும் சளிபிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் அடக்கத்துக்கு வர முடியாமல் போனதைப் பற்றி இனி எழுதாதே, விமானம் கிடைத்திருந்தாலும் மூன்று நாள் பிந்தியிருப்பாய். அவள் பட்டாணிப் பாத்தியில் இந்த வருஷமும் தானாக முளைத்துக் காய்த்திருக்கிறது, ஓர் ஆளுக்கு அது அதிகம், குதிரைக் கமிட்டி டெஸ்மண்டுக்குக் கொடுக்கிறேன், நன்றி சொல்லாமல் வாங்கிக்கொள்கிறான்.

குதிரையைச் சுத்தம் செய்யும் வாரம் முடிந்தது. சுண்ணாம்புச் சரிவில் புல்லைச் செதுக்கி, அடியிலுள்ள வெள்ளை மண் தெரிய அவ்வளவு பெரிய குதிரை உருவத்தை வெட்டியது யார் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆகவே ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாதிரியார் ஏதோ ராஜாவின் வெற்றி என்கிறார், மதுக்கடைக்காரர் பந்தயத்தில் ஜெயித்த குதிரை என்கிறார். யுத்தத்தில் ஜெர்மன் விமானங்களுக்கு அடையாளமாகிவிடும் என்று தழைபோட்டு மூடியதும், ஐந்து வருஷத்தில் புல் பாதிக் குதிரையைத் தின்றதும், நாற்பத்தைந்தில் திறந்தபோது உன் அம்மா மண்வெட்டியோடு அங்கே நின்றதும் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஓரத்துப் புல்லை வெட்டுவது அவள், எதிர்க் குன்றின் கேட்டருகே பைனாகுலரோடு நிற்பது நான். மேலே வேலை செய்பவருக்குக் குதிரை தெரியாது, காலடியில் வெள்ளை மண் மட்டும்தான். கோடு விலகினால் நான் சிவப்புக் கொடியைத் தூக்குவேன், தூக்காதவரை வெட்டலாம். முப்பத்து மூன்று வருஷம் எங்கள் இல்லறத்தில் நான் சொன்னதை அவள் கேட்ட ஒரே இடம் அதுதான்.

போன கோடையில் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று உனக்கு எழுதவில்லை, எழுதாதே என்றாள். இடது காதில் அவள் கை விலகியதைப் பார்த்தேன். நிறுத்தினால் முதலிலிருந்து சரிசெய்ய வேண்டியிருக்கும், அந்த வெயிலில் வேண்டாம் என்று கொடியைத் தூக்கவில்லை. பாதியில் நிறுத்தி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் தொப்பியை ஆட்டினேன். இறங்கி வந்து, “ஏங்க, காது சரியா வந்திருக்கா?” என்றாள். கச்சிதம் என்றேன். அப்புறம், “ஒரு தடவை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க, நான் வெட்டினத நானும் பாக்கணும்” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பனிமூட்டம் என்றேன். அந்த இலையுதிர்காலத்தில் நான் அறிவித்த அளவு பனிமூட்டம் இந்த மாவட்டம் கண்டதில்லை. பிப்ரவரியில் போய்விட்டாள்.

இந்த வருஷக் கமிட்டியில் டெஸ்மண்ட், “குதிரைக்குக் கழுதைக் காது வச்ச ஊருன்னு பக்கத்து ஊர்க்காரன் சிரிக்கிறான்யா” என்றான். வேரோடு பெயர்த்த புல்லால் காதின் நீண்டுபோன பகுதியை மூடிச் சின்னதாக்க ஒருமனதாகத் தீர்மானம். நானும் கைதூக்கினேன். வெள்ளிக்கிழமை முதல்முறையாக நானே மேலே ஏறிப் பார்த்தேன். தவறிய இடத்தில் இரண்டடி, வெட்டு கோணலும் மாணலுமாக இருக்கிறது, அவளுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. அதற்கப்பால் நாலடி, கத்தி வைத்ததுபோல் நேர்த்தி. நான் மிச்சப்படுத்திக் கொடுத்ததாக நினைத்த ஓய்வு அந்த நாலடிதான், ஹெஸ்டர். கொடி வரவில்லை, தொப்பி வந்தது, ஆகவே சரி என்று நம்பி, இல்லாத காதை அந்த உடம்போடு அவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறாள்.

நேற்று டெஸ்மண்டின் மருமகள் முதல் புல்லைக் கையில் எடுத்ததும் நான் கொடியைத் தூக்கினேன். எல்லோரும் நின்றார்கள். நான் இறக்கவில்லை. டெஸ்மண்ட் காரில் சுற்றிக்கொண்டு வந்து, “எங்கய்யா தப்பு?” என்றான். “இது போன வருஷத்துக் கொடி” என்றேன். என்னைப் பார்த்தான், பக்கத்தில் வந்து நின்றான். கை வலித்த பிறகு இறக்கினேன். சாயங்காலத்துக்குள் காதைச் சின்னதாக்கி முடித்துவிட்டார்கள். பாதிரியாருக்குப் பரம திருப்தி.

மூடுமுன் எடுத்த படம் ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன், மடிக்காமல் சுவரில் மாட்டு. குழந்தைக்குக் காதில் குளிர்காற்றுப் படாமல் பார்த்துக்கொள். மூவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். அந்தக் காது ஏன் அப்படி என்று யாராவது கேட்டால், வெட்டியவள் பேரில் பிழை இல்லை, கொடி பிடித்தவன் தூக்கவில்லை என்று சொல்.

என்றும் உன் அப்பா,
ஆம்ப்ரோஸ்