அம்மாவின் குரல் நின்ற பதினோரு நாட்கள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் இதை எழுதுகிறேன். இங்கே உடம்பளவில் நாங்கள் இருவரும் நலம். என் ரத்த அழுத்தம் அளவுக்குள் இருக்கிறது, அம்மாவின் இடது கை முன்பைவிட வேகமாகத் தட்டச்சு செய்கிறது, வலது கையில் மாற்றமில்லை. கையால் எழுதியிருக்கிறேனே என்று நீ யோசிக்கலாம், கணினிக்கு இப்போது அம்மாதான் நிர்வாகி, நான் அதைத் தொடுவதென்றால் அவளிடம் கேட்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னிடம் இரண்டே வரி பேசிவிட்டு நிறுத்திக்கொண்டதையும், என்னப்பா ஆச்சு என்று நீ கேட்டதற்குப் பெரியம்மா போன துக்கம் என்று நான் சொன்னதையும் நினைத்துப் பார். அது பாதி உண்மை. மீதியைத் தேதிவாரியாக எழுதினால்தான் எனக்கே தெளிவாகும் என்று தோன்றுகிறது.

கணினியில் தினசரி வேலைக்கு, எதையும் மாற்றும் நிர்வாகி உரிமையுள்ள கணக்கைப் பயன்படுத்துவது ஆபத்து என்று ஒரு செவ்வாய்க்கிழமை செய்தித்தாளில் படித்தேன். உனக்குத் தெரியும், எடை அளவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் தராசுகளுக்கு முத்திரை வைத்தவன், மேலதிகாரியின் கையெழுத்து இல்லாமல் ஒரு படிக்கல்லைக்கூட வெளியே விட்டதில்லை. எல்லா உரிமையும் என் ஒருவன் பெயரில் இருப்பது எனக்கு உறுத்தியது. கணக்குகளின் பட்டியலைத் திறந்தேன். அதில் என் பெயருக்கு மேலே நிர்வாகி என்றே ஒரு பெயர் இருந்தது. சரி, மேலே ஒருவர் இருக்கிறார், நாம் இறங்கிக்கொள்ளலாம் என்று என் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிட்டேன். அந்த நிர்வாகி முடக்கி வைக்கப்பட்ட கணக்கு, நாற்காலி மட்டும் இருந்தது, ஆள் இல்லை. இந்தத் தவறை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் புதன்கிழமை, அதை முதல் நாள் என்று வைத்துக்கொள், பக்கவாதத்தில் பேச்சு போன அம்மாவுக்கு நீ போட்டுக் கொடுத்த, அவள் தட்டுவதைக் குரலாகச் சொல்லும் மென்பொருள் தன்னைப் புதுப்பிக்க வேண்டும் என்று அனுமதி கேட்டது. கேள்வியைக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்ற பொத்தானை மட்டும் காட்டியது. சரி சொல்லும் உரிமையுள்ள கணக்கு எதுவும் மிஞ்சாததால் சரி என்ற பொத்தானே இல்லை. புதுப்பிக்காமல் திறக்கவும் மறுத்தது. அம்மா தட்டினாள், சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மூன்று நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா எழுதும் பலகையில் இடது கையால் கிறுக்கினாள், பாதி எழுத்து புரியாது, கேட்டால் பேனாவை எறிவாள். நான்காம் நாள் நூலகத்தில் ஒரு தடித்த கையேட்டில் வழி கிடைத்தது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கணினியை மறுபடி இயக்கி, நீலத் திரையில் பழுது நீக்கும் பகுதிக்குப் போய், பாதுகாப்பு முறையில் திறந்தால், வேறு நிர்வாகியே இல்லாத கணினியில் அந்த முடங்கிய நிர்வாகி விழித்துக்கொள்வார், கடவுச்சொல் இல்லாமல் உள்ளே விடுவார், அங்கிருந்து என் கணக்கை மேலே ஏற்றிவிடலாம். பதினான்கு படிகள், இருபது நிமிஷ வேலை. எல்லாவற்றையும் என் நோட்டில் எழுதி, மேலே தேதியும் போட்டு, வழி கிடைத்தது என்று அடிக்கோடிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா சாய்வு நாற்காலியில் இருந்தாள். வழக்கமாக நான் கதவைத் திறந்ததும் மேஜையிலிருந்து அந்த இயந்திரக் குரல், தராசு வந்தாச்சு, முள்ளு இன்னும் ஆடிக்கிட்டே இருக்கா, இல்ல எங்கயாவது நின்னுச்சா என்று கேட்கும். ஒலியை முழுதாக வைத்திருப்பாள், எதிர் வீட்டுத் தையல்காரருக்கு அது தினமும் வேடிக்கை. பேச்சு போவதற்கு முன்னால் நாற்பது வருஷமும் இதுதான், அப்போது தப்பித்து வெளியே போய்விடுவேன், இப்போது அவளை விட்டுப் போக முடியாது. அன்று வீடு சத்தமில்லாமல் இருந்தது. தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டேன், யாரும் எதுவும் சொல்லவில்லை. நாளைக்குச் செய்யலாம் என்று நோட்டை அலமாரியில் வைத்தேன். மகளே, அது மறதி இல்லை, சோம்பலும் இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. ஐந்தாம் நாள் ஞாயிறு, நீ கூப்பிட்டாய், அம்மா தூங்குகிறாள் என்றேன். அவள் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள்.

ஏழாம் நாள் மாலை பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். உன் கல்யாணத்தில் வந்த வார்த்தைக்குப் பிறகு ஆறு வருஷமாக அக்கா தங்கை இருவருக்கும் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். அம்மா இனி கணினி வழியாகப் பேசுவாள் என்று நீதான் அவளிடம் சொல்லியிருந்தாய். போனை அம்மா காதில் வைத்தேன். அம்மா வாயைத் திறந்தாள், உனக்கே தெரியும் என்ன சத்தம் வரும் என்று, அதுவும் அன்று வரவில்லை, மூச்சுதான் வந்தது. அவளுக்கு அழுகை. கணினிப் பக்கம் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். இன்னும் கோவம் தீரலையாடி உனக்கு என்று பெரியம்மா கேட்டது எனக்கே கேட்டது. நான் வாங்கி, கணினி பழுது என்றேன். உங்க சமாளிப்பு எனக்குத் தெரியாதா, அவ பேசமாட்டேங்கிறான்னா அதைச் சொல்லிட்டுப் போங்க என்று வைத்துவிட்டாள். என் வாயிலிருந்து அபூர்வமாக வந்த உண்மை, அவள் நம்பவில்லை, நம்பும்படி நானும் நடந்துகொண்டதில்லை.

அப்போதாவது இருபது நிமிஷம் செலவழித்திருக்கலாம். ஆனால் இன்றைக்குச் சரிசெய்தால் நேற்று ஏன் செய்யவில்லை என்று கேட்பாளே என்று பயந்தேன். எட்டாம் நாளும் அதே பயம், ஒரு நாள் கூடியிருந்ததால் பயமும் கூடியிருந்தது. ஒன்பதாம் நாள் பெரியம்மா போய்விட்டாள். அடக்கத்துக்குப் போய் வந்தோம். பதினோராம் நாள் நான் பதினான்கு படிகளையும் செய்தேன், ஒன்றிலும் தடங்கல் இல்லை.

அம்மா முதலில் தட்டிய வரி, நோட்டைக் காட்டுங்க என்பது. நான் எதையும் எழுதிவைக்காமல் செய்யமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். தேதியைப் பார்த்தாள். விரலால் எண்ணினாள், நாலிலிருந்து ஏழு, ஏழிலிருந்து ஒன்பது. திட்டுவாள் என்று நின்றேன், திட்டவில்லை. தன் பெயரில் நிர்வாகிக் கணக்கு ஒன்று போடச் சொன்னாள், கடவுச்சொல் வைக்கும்போது திரும்பி நிற்கச் சொன்னாள், என்னைச் சாதாரணக் கணக்குக்கு இறக்கச் சொன்னாள். எல்லாம் செய்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு ஒரே வரியை அழுத்துகிறாள். அக்கா வீட்டுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லுங்க. பேசவைக்கும்வரை மறுபடி மறுபடி அழுத்துவாள். பெரியம்மா மகன், உன் அண்ணன், போனை எடுக்கிறான். தன் அம்மாவைத் தன் சித்தி மன்னிக்கவில்லை என்றுதான் அவனும் நினைத்துக்கொண்டிருக்கிறான், அடக்கத்தன்று உன் அம்மாவின் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. நான் சொல்லத் தொடங்குகிறேன். சாப்பிட்டியாப்பா என்று கேட்கிறேன், தூக்கம் வருதா என்று கேட்கிறேன், வைத்துவிடுகிறேன். இப்படி ஏழு நாள். இன்று காலை அவன், சித்தப்பா, அம்மா போனப்புறம் தினமும் விசாரிக்கிற ஒரே ஆள் நீங்கதான், உங்களை மாதிரி மனசு யாருக்கு வரும் என்றான். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அம்மா விசையை அழுத்தினாள், சொல்லுங்க என்றது குரல். அது யாரு சித்தப்பா என்று கேட்டான். டிவி ஓடுது என்றேன்.

அம்மா அதற்குப் பிறகு எதையும் அழுத்தவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது, இன்னும் அழுத்தவில்லை.

இதை உன்னிடம் சொன்னால் நீயே அண்ணனிடம் சொல்லிவிடுவாய் என்ற ஆசையில்தான் முதலில் பேனாவை எடுத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. நீ சொல்லாதே. நாளை எட்டு மணிக்கு அவள் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேனா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேட்காதே, அம்மாவிடம் கேள், அவள் சொல்வதை நம்பு.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையை வேலை முடிந்ததும் நேரத்தோடு வீட்டுக்கு வரச் சொல். நீங்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா