வலது காலைக் கேட்ட சுவாமி

என் அன்பு ரீற்றா அக்காவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் பெரிய வியாழன் உண்டோ தெரியாது. தர்மபுரத்தில் இந்த முறையும் வந்து போனது. உங்கள் கதிரையில் யார் இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுப் புதினம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இந்தச் சிறுபோகத்துக்கும் கிடைத்தது, விதைத்துவிட்டேன். உங்கள் கோழிகள் என்னை மதிப்பதில்லை. நீங்கள் கூப்பிடுவது போலக் கூப்பிட்டுப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. மழைக்குப் பிறகு பங்குக் கோவிலுக்குப் புதுச் சுவாமி வந்திருக்கிறார். இளம் ஆள், நல்ல குரல், பிரசங்கம்தான் கொஞ்சம் நீளம். மன்றாட்டில் இன்னும் காணாமற் போனவர்களுக்காகவும், ஆமியிடமிருந்து காணிகள் விடுபடவும், உரத்தின் விலை குறையவும்தான் கேட்கிறோம். ஆண்டவருக்கும் இதெல்லாம் மனப்பாடமாகியிருக்கும்.

தவக்காலத்தின் நடுவில் ஒருநாள் உபதேசியார் மனைவி அன்னம்மா வீட்டுக்கு வந்தா. சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னா.

"அந்தோனி, அக்கான்ர கதிரைக்கு நீதான் வரவேணும்."

எங்கள் கோவில் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பாதம் கழுவ இருத்தும் பன்னிரண்டு பேரில் ஒருவர் கண்ணை மூடினால், அடுத்த பெரிய வியாழனுக்கு அந்த வீட்டு ஆள்தான் அந்த இடத்தில் இருக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் கதிரை அந்த ஒருமுறை வெறுமையாகக் கிடக்கும், பிறகுதான் வேறு வீட்டுக்குப் போகும். பெண்களையும் இருத்தலாம் என்று உரோமையிலிருந்து அறிவித்தல் வந்த பிறகு, எங்கள் ஊரில் முதல் ஆளாகப் போய் இருந்தது நீங்கள். நம் வீட்டில் இப்போது மிச்சம் நான் ஒருவன்தான்.

"என்ன விளையாடுறியளே? அங்கை வலது காலையெல்லோ நீட்டவேணும். எனக்கு அது எங்கை?"

"இடதை நீட்டு. கர்த்தர் என்ன அளவெடுக்கிறாரே?"

வரமாட்டேன் என்றேன். அன்னம்மா கோபிக்கவில்லை. "அப்ப கதிரை சும்மா கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அந்தச் சொல்தான் என்னைக் குடைந்தது. நிறைந்த கோவிலில் உங்கள் கதிரை மட்டும் ஆளில்லாமல் கிடக்க, நான் பின் வாங்கிலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பதா?

பாதம் கழுவ நீயும் வந்து இரு என்று ஒவ்வொரு வருடமும் நீங்கள் கூப்பிடுவீர்கள், நான் மறுப்பேன். "என்ர இராயப்பர் வாறார், வழி விடுங்கோ" என்று கேலி செய்வீர்கள். பேதுருவை நீங்கள் கடைசிவரை இராயப்பர் என்றுதான் சொன்னீர்கள். என் காலை நீர் கழுவவே கூடாது என்று அவர் ஆண்டவரைத் தடுத்ததைத் தாழ்மை என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை, அக்கா. அந்த மனுசனுக்கு வெட்கம். நாள் முழுக்கத் தெருவில் நடந்த காலை எல்லோர் முன்னாலும் காட்ட வெட்கம். நான் சொல்வது பிழையா?

கடைசியில் ஓம் என்று சொல்லிவிட்டேன். பெரிய வியாழன் பின்னேரம் கிணற்றடியில் நீங்கள் கால் தேய்க்கும் கல்லை எடுத்து இடது காலைத் தேய்தேய் என்று தேய்த்தேன். கழுவப்போகும் காலைக் கழுவிக்கொண்டு போகிறீர்களே என்று உங்களை எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன். அதே வேலையை நானும் செய்தேன். பித்தவெடிப்பு மட்டும் போகவில்லை.

புதுச் சுவாமிக்கு என் காலைப் பற்றி யாருமே சொல்லவில்லை என்பது கோவிலில்தான் தெரிந்தது. உபதேசியார் சொல்லியிருப்பார் என்று அன்னம்மா நினைத்திருக்கிறா, அன்னம்மா சொல்லியிருப்பா என்று உபதேசியார். இதையெல்லாம் முன்கூட்டியே பார்க்கிற ஆள் நீங்கள்தானே. நானோ பொய்க்காலை மறைத்து நீளக் காற்சட்டையும் சப்பாத்துமாகப் போய் இருந்தேன். பார்க்கிறவருக்கு இரண்டு காலும் ஒரே மாதிரித்தான்.

சுவாமி ஒவ்வொருவராக முழங்காலில் நின்று கழுவிக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. இடது சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"அண்ணை, வலது கால்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மேலங்கியில் குத்தியிருந்த மைக் அதைக் கோவில் முழுக்கச் சொல்லிவிட்டது. பாட்டுக்காரர் பாட்டை விட்டுவிட்டார்கள். என் முகம் எரிந்தது. எழும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அப்போது எனக்கு முள்ளிவாய்க்கால் ஞாபகம் வந்தது. செல் விழுந்து என் வலது கால் போன அந்தக் கிழமை. குடிக்கவே தண்ணீர் கிடைக்காத இடத்தில், எங்கேயோ வரிசையில் நின்று ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு வந்தீர்கள். அதைக் குடியுங்கோ, புண்ணிலே ஊற்றாதேங்கோ என்று நான் கத்தினேன். "பொத்து வாயை. நான் கழுவாட்டி உனக்கும் எனக்கும் ஒரு சொந்தமுமில்லை" என்று சொல்லிச் சொல்லிக் கழுவினீர்கள். உங்கள் உதடு வெடித்திருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

காற்சட்டையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன்.

"அதை அக்கா முள்ளிவாய்க்காலிலை கழுவிப்போட்டா, சுவாமி. மற்றதை நீங்கள் கழுவுங்கோ."

அதையும் மைக் எல்லோருக்கும் சொன்னது. சுவாமி தண்ணீர்ப் பாத்திரத்தை இடது பக்கம் நகர்த்தினார். பிறகு இடது காலை எடுத்துக் கழுவினார், துடைத்தார், முத்தமிட்டார். எழும்பும்போது கை ஊன்ற இடம் தேடி என் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். உங்களையும் வைத்தியர்களையும் தவிர இன்னொருவர் அந்த இடத்தைத் தொட்டது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பின்னால் அன்னம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

பூசை முடிய, அடுத்த வருடம் கதிரை வேறு வீட்டுக்குப் போகும் என்று உபதேசியார் சொன்னார். முடியாது என்றேன். "உனக்கென்ன பிடிவாதமடாப்பா" என்று சிரித்துக்கொண்டு போனார்.

அக்கா, நான் இருக்கும்வரை அந்தக் கதிரையை விடமாட்டேன், இது சத்தியம். எந்தச் சுவாமி வந்தாலும் முன்கூட்டியே ஒன்றும் சொல்லி வைக்கமாட்டேன். அவர் வலது காலைக் கேட்கட்டும். அதைக் கழுவியது யார் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வேன்.

நீங்கள் கழுவிவிட்ட தம்பி,
உங்கள் இராயப்பர்