காற்றின் வேகத்தில்

பாலிகஞ்ச்,
ஞாயிறு காலை

அன்புள்ள யசோதா,

இந்தக் கடிதத்தில் எழுதப்போவது:
1. காற்றாலை பற்றி நீ கேட்ட கேள்வி.
2. வீட்டுச் சமாச்சாரம்.
3. நீ திரும்பி வர அவசரமில்லை என்பது.

ஒன்று. ஆரல்வாய்மொழியில் நம் மகள் மாதங்கி வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் காற்றாலை ஒரு நேரம் வேகமாகவும் ஒரு நேரம் சோம்பலாகவும் சுற்றுகிறது, விளக்கு மட்டும் எப்படி ஒரே சீராக எரிகிறது என்று போனில் கேட்டாய். நான் பாடம் எடுத்த காலத்தில் காற்றாலையை ஒரே வேகத்தில் ஓடும்படி கட்டிப்போட்டிருந்தோம். பலத்த காற்று வந்தால் அடி முழுக்க கியர்பாக்ஸுக்கு. இப்போது காற்றுக்கேற்பச் சுற்ற விட்டுவிடுகிறார்கள். வருகிற மின்சாரத்தை அதன் ஏற்ற இறக்கத்தோடு கன்வெர்ட்டர் வாங்கிக்கொண்டு, முதலில் டி.சி. ஆக்கி, பிறகு ஊருக்கு வேண்டிய நொடிக்கு ஐம்பது சைக்கிள் என்ற ஒரே சீரில் திருப்பித் தருகிறது. சரியாகச் சொன்னேனா என்று மாதங்கியைக் கேட்டுக்கொள். காற்றாலையில் வேலை பார்ப்பவள் அவள்தான்.

இரண்டு. "உங்க வீட்ல காபிகூட கடிகாரத்தைப் பார்த்துத்தான் கொதிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய். நேற்று ஒன்பது மணிக்குத்தான் காபி குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. லேக் மார்க்கெட் காபித்தூள் கடைக்காரர், "பத்து நாள்னு போன மாமி கல்கத்தாவையே மறந்துட்டாங்களா சார்? நீங்க வாங்குற தூள் என் தராசுக்கே தெரியல" என்றார். சிரித்து வைத்தேன்.

நீ உன் வேகத்தில் இருக்கலாம். ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்ள நான் பழகிவருகிறேன்.

மூன்றாவதை எழுத உட்கார்ந்து வெகுநேரமாகிறது. அது தவறு, யசோதா. அவசரம்தான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்