முள் அசையாத மானி

இன்று காலை கதிர்வீச்சு மானியைத் துடைக்க ஸ்பிரிட் போத்தலைத் திறந்தேன். அந்த வாசனையோடு நீயும் அறைக்குள் வந்துவிட்டாய்.

அன்றும் நான் வேலை பார்க்கும் இதே எக்ஸ்ரே அறைதான். கல்முனைக்குடிப் பக்கமிருந்து மாரிக்காற்று வீசிக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். கதவுக்கு வெளியே கதிர் கசிகிறதோ என்ற பயம். மருத்துவக் கருவிப் பொறியியலாளராகிவிட்ட உன்னை, பள்ளித் தோழி என்ற உரிமையில் கூப்பிட்டேன். எக்ஸ்ரேயை இயக்கியபோதும் கிளினிக்கின் மானியில் முள் பூச்சியத்தை விட்டு அசையவில்லை. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. உன் முகமோ சுருங்கியது.

“உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல இந்த முள்ளு இவ்வளவு நல்ல புள்ளயா நிக்குதே. எனக்கு நம்பிக்கையில்ல.”

என்னைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு, கொண்டுவந்த சோதனைக் கதிர்மூலத்தை மானிக்கருகில் பிடித்தாய். துள்ள வேண்டிய முள் சோம்பலாகச் சற்றே நகர்ந்தது. கழற்றி, ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்த்தாய். உள்ளே மின்முனையைத் தாங்கும் துண்டில் வெள்ளைப் பீங்கான் பூச்சு. மின்சாரம் கசியாமல் காப்பதே அதன் வேலை. அதில் மயிரிழை வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பீரம்.

“கதிர் இல்லாம இல்ல புள்ள. அது உண்டாக்கிற துளி மின்சாரம் கணக்குக்கு வர முதல் இதால ஒழுகிப் போகுது.”

மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, “உங்கட கூட்டாளி புது மிஷின் விக்க வந்தவவோ?” என்று கேட்டார். அது உன் காதிலும் விழுந்தது.

“சந்தேகப்படட்டும். அது நல்லதுதான்,” என்று சிரித்தாய்.

மறுநாள் வேறோர் ஆஸ்பத்திரியின் மானியை இரவல் வாங்கி வந்தாய். கதவோரத்தில் முள் எகிறியது. கதவுக்குள்ளிருந்த ஈயத்தகடு சரிந்து இறங்கியிருந்தது. மேலாளரே அறையைப் பூட்டினார். என் மகள் சுகமாகப் பிறந்தாள். அந்தக் கசிவு என்ன செய்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நீயும் பெரிதாக்கிப் பேசவில்லை.

போன வருடம் உனக்கு நெஞ்சு நோவு. ஈசிஜி எடுத்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னாய்: “எல்லாம் நோர்மலாம் புள்ள. வாய்வு போல.” மறுநாள் லுஹர் தொழுகைக்கு முன் நீ போய்விட்டாய் என்ற மௌத்துச் செய்தி வந்தது. எத்தனை மானிகளைச் சந்தேகித்தவள் நீ! அந்த ஒரு தாளை ஏன் நம்பினாய்? இன்னும் உன்மேல் கோபம்தான்.

போன மாதம் மருதமுனையிலிருந்து நெசவுக்காரப் பெரியவர் ஒருவர் நெஞ்சுப் படம் எடுக்க வந்தார். படமும் ஈசிஜியும் சரி, வீட்டுக்குப் போகலாம் என்றார் டொக்டர். சட்டைப் பொத்தானைப் போட்ட அவரது கை மறுபடியும் நெஞ்சுக்கே போனது.

“இன்னும் நோகுதா காக்கா?”

“ஓம் மகள். ஆனா எல்லாம் நல்லமெண்டாங்களே?”

“நீங்க கொஞ்சம் இருங்க.”

டொக்டர் சலித்துக்கொண்டார். “ரிப்போட் நோர்மல்தானே?”

“ஓம் டொக்டர். ஆளுக்கு நோகுதே.”

ஆனாலும் அவர் எடுக்கச் சொன்ன இரண்டாவது ஈசிஜி வேறு கதை சொன்னது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

நேற்று அந்தக் காக்கா நடந்தே வந்தார். தொழுகையில் எனக்காகத் துஆக் கேட்பதாகச் சொன்னார். உன் பெயரைச் சொல்லி, அவளுக்காகக் கேளுங்கள் என்றேன்.