விலாசக் கட்டம்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்பதை மட்டும் நம்பவில்லை. அப்பாவின் முழங்கால் வலி தேவலை, மாடிக்குப் போய்த் துணி எடுத்து வரச் சொன்னால்தான் திரும்ப வருகிறது.

நீ கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கை எங்கள் வீட்டுவசதி அலுவலகத்துக்கும் வந்தது, கையெழுத்து பள்ளிக்கூடத்தில் போட்ட அதே கோணல். வீடில்லாதவர்களை அலையவிடாமல் வீட்டுவசதி, சுகாதாரம், அடையாள அட்டை மூன்று துறையும் புதன்தோறும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், விலாசம் இல்லாதவருக்கு அலுவலக விலாசத்தையே எழுதலாம் என்று. எந்தத் துறையின் மேசை என்று இரண்டு நாள் சண்டை, கடைசியில் சாப்பாட்டு அறை மேசையை இழுத்துப் போட்டோம். அப்பா உன் சுற்றறிக்கையின் நகலை முடிவெட்டும் கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்.

பாலத்தடியில் படுத்திருந்த குடைக்காரரைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை, சொல்ல வாய் வரவில்லை. குடை ரிப்பேர் செய்பவர், நெஞ்சில் சளி, மழைக்கு முன்னால் ஓர் அறை கிடைக்காவிட்டால் தாங்கமாட்டார் என்று நர்ஸ் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த விண்ணப்பத்தை மூன்று தடவை திருப்பி அனுப்பியவள் நான்தான், விலாசக் கட்டம் காலி என்று. வீடு கேட்டு வந்தவரிடம் வீட்டு விலாசம் கேட்கிறோமே என்று இருபத்தாறு வருஷ சர்வீஸில் எனக்கு உறைக்கவில்லை, உனக்கு உறைத்தது. முதல் புதன்கிழமை ஆள் அனுப்பினேன், "அந்தம்மா திருப்பி அனுப்பிடுவாங்க" என்று வர மறுத்துவிட்டாராம். நானே பாலத்தடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். எட்டு மாதம் இழுத்தது நாற்பது நிமிடத்தில் முடிந்தது, மழைக்கு ஒரு வாரம் முன்னால் அறையும் கிடைத்தது. போன புதன் விலாசம் மாற்ற வந்தார், கட்டத்தைத் தானே நிரப்பினார், ஒவ்வொரு எழுத்தாக. பின்னால் வரிசை நின்றது, நான் அவசரப்படுத்தவில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தது யாரம்மா என்று கேட்டார். ஆபீஸில் சொல்லாதே என்று நீ சொன்னது நினைவிருந்தது, இருந்தும் "என் பொண்ணுதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொல்லிவிட்டேன். என்னை நினைத்து வெட்கமும் உண்டு சின்னு, ஆனால் உன்னை நினைத்தால் பெருமைதான் ஜாஸ்தி.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. வீடு மாறப்போவதாகச் சொன்னாயே, புது விலாசத்தை முழுசாக எழுதி அனுப்பு, கட்டம் காலியாக இருந்தால் இந்த முறை நானே நேரில் வந்துவிடுவேன்.

என்றும் உன்,
அம்மா