இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினால்

ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசலாம் என்றால் நடுவில் அண்ணன் பிடுங்கிக்கொண்டு என் உடம்பை விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறான். அதனால்தான் கடிதம்.

ஆசிரியர்களுக்கு நீங்கள் நடத்தும் பயிற்சி வகுப்பில் சொன்னபடியே என் ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்துவிட்டேன். அறிவியல் பாடத்தில் பதிலை முதலில் சொல்வதில்லை. பிள்ளைகளே செய்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, கண்ணாடி டம்ளரால் மூடினார்கள். சுடர் அணைந்தது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறியது. "ஆக்சிஜன் எரிஞ்சு தீர்ந்துடுச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு" என்றார்கள். புத்தகத்திலும் அதுதான். எனக்கு ஒரே பூரிப்பு.

அப்போது ஒருத்தி எழுந்தாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வகுப்பே அவளை ‘போலீஸ்’ என்று கூப்பிடும். இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றி அதே டம்ளரால் மூடினாள். தண்ணீர் இன்னும் மேலே ஏறியது. "டம்ளர் அதேதான், உள்ளே இருக்கிற ஆக்சிஜனும் அதேதான். அப்புறம் எப்படி டீச்சர்?"

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நல்லவேளை, மணி அடித்துவிட்டது. பதில் என்ன அண்ணி?

உங்கள் சின்னவள்


ஜூலை 11

அன்புச் சின்னவளே,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "அவளுக்கே குழப்பமா, நல்லா வேணும்" என்று சிரித்தார்.

பதிலைக் கேட்காதே. இந்த முறையில் குழப்பம்தான் பாடத்தின் உயிர். நீ பதிலைச் சொல்லிவிட்டால் அந்தப் பெண் உட்கார்ந்துவிடுவாள். நான் சொல்லிவிட்டால் நீ உட்கார்ந்துவிடுவாய். இந்த முறையை எல்லா உயர்நிலைப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகும் திட்டத்துக்காகக் கல்வித் துறையில் நாயாய் அலைகிறேன். காட்டுவதற்கு நல்ல வகுப்பு ஒன்று வேண்டும் என்று உன் வகுப்பைத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். அடுத்த மாதம் மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு உன் வகுப்புக்கே வருகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. இது அண்ணனின் உத்தரவு.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணி,

வகுப்புக்குச் சொல்ல வேண்டாம், சரி. எனக்காவது சொல்லக்கூடாதா? நான் உங்கள் நாத்தனார் ஆயிற்றே.

போலீஸின் அப்பா வந்திருந்தார். பஸ் ஓட்டுகிறவர். "எங்க டீச்சருக்கே பதில் தெரியலைன்னு என் பொண்ணு வீட்ல வந்து சொல்றா. சந்தோஷமா வேற சொல்றா. நான் அவளைத் திட்டணுமா, பாராட்டணுமா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினேன்.

தலைமையாசிரியர் வேறு, "பாடம் பாதிகூட முடியலை. பரீட்சைக்கு மெழுகுவர்த்தியையா எடுத்துக்கிட்டுப் போவாங்க?" என்கிறார். முன்பெல்லாம் நோட்ஸ் சொல்லி முடித்தால் பாடம் நடத்தியாயிற்று என்று இருக்கும். இப்போது நடத்துகிறேனா, வேடிக்கை பார்க்கிறேனா என்றே தெரியவில்லை. வந்து நீங்களே பாருங்கள்.

உங்கள் சின்னவள்


ஆகஸ்ட் 8

சின்னவளே,

அன்றைக்கு உன் வகுப்பில் நடந்ததை உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

மேலதிகாரி பக்கத்தில் இருக்கும்போது அந்தப் போலீஸ் தண்ணீர் ஏன் ஏறுகிறது என்று நேராக என்னிடமே கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆக்சிஜன் தீர்ந்ததால்தான் என்றேன். உடனே இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றிக் காட்டினாள். "அதெல்லாம் பெரிய வகுப்புல படிப்பே, உட்காரும்மா" என்று சொல்லிவிட்டேன். நீ ஜன்னலோரம் கைகட்டி நின்றாய். ஒரு வார்த்தை பேசி என்னைத் தூக்கிவிட்டிருக்கலாம்.

திரும்பும் வழியில் மேலதிகாரி, "பிள்ளைங்க எதிர்த்துப் பேசுறாங்க, டீச்சர் சும்மா நிக்கிறாங்க. இதையா எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோகணும்?" என்றார். உன் வகுப்பைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று எனக்கே பிடிபடவில்லை. கோபம் உன் மேலா, என் மேலா என்பதும் தெரியவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 30

அண்ணிக்கு,

எழுதி எழுதிக் கிழித்ததில் தாமதமாகிவிட்டது.

நான் வேண்டுமென்று நிற்கவில்லை. பதில் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே. உங்களுக்கும் பதில் தெரியாது என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. ‘எனக்கும் தெரியாதுடி’ என்று முன்பே ஒரு வரி எழுதியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன்.

தலைமையாசிரியர் பழையபடி நோட்ஸ் கொடுக்கச் சொன்னார். சரி என்றேன். ‘ஆக்சிஜன் தீர்வதால் நீர் உயர்கிறது’ என்று போர்டில் எழுதினேன். ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. இதுவரை வாயே திறக்காத ஒரு பெண், "டீச்சர், நீங்க இதை நம்புறீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்போ எழுதிக்கவா, வேண்டாமா?" பரீட்சைக்கு எழுதிக்கொள்ளச் சொன்னேன். சரியா தப்பா, தெரியவில்லை.

மதிய இடைவேளையில் அவர்களாகவே மறுபடி செய்து பார்த்தார்கள். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறுவதை அந்தப் பெண்தான் கவனித்தாள். சூட்டில் காற்று விரிந்து வெளியே போகிறதாம், ஆறினதும் அந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறதாம். இரண்டு மெழுகுவர்த்தி என்றால் சூடும் கூடுதல். இருக்கலாம். ஆனால், அப்படியானால் சுடர் அணைந்தது எதனால் என்று போலீஸ் அடுத்ததைப் பிடித்துக்கொண்டாள்.

திட்டத்தில் இல்லாத வகுப்பைப் பற்றி இனி உங்களுக்கு எழுதலாமா, கூடாதா? அதுவும் தெரியவில்லை.

சின்னவள்


செப்டம்பர் 9

என் சின்னவளுக்கு,

நேற்றுப் பயிற்சி வகுப்பில் உன் மெழுகுவர்த்திகளைத்தான் ஏற்றினேன். கூடம் நிறைய ஆசிரியர்கள். ஒருவர், "எல்லாம் சரி மேடம், பதில் என்ன?" என்றார்.

"எனக்கும் சரியாத் தெரியலைங்க. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க சூடுதான் காரணம்னு சொல்றாங்க. செஞ்சு பார்ப்போமா?" என்றேன்.

சொன்ன பிறகு எங்கே பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே புரியவில்லை. சிலர் சிரித்தார்கள். சிலர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மீதிப் பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சாயங்காலம் விளக்கை அணைக்க வந்தவர் விரட்டும்வரை எழுந்திருக்கவில்லை. கிளம்பிப் போனவர்கள் புகார் செய்திருக்கிறார்கள். மேலதிகாரி திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். என்ன ஆகுமோ.

அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். வாசலில் நின்று முதலில் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. நீ கதவைத் திற. உள்ளே வந்து உட்கார்ந்து சொல்கிறேன்.

உன் அண்ணி